சுதந்திரச் சதுக்கம் காணச் செல்வோர்க்கு

பாடசாலை விடுமுறை நெருங்கியதும் மலைநாட்டு வீடுகளில் கொழும்புப் பயணம் பற்றிய பேச்சு எழுவது இயல்பு. கொழும்பில் காணத்தக்கவற்றுள் கறுவாத்தோட்டத்துச் சுதந்திரச் சதுக்கமும், அங்குள்ள ஞாபகார்த்த மண்டபமும் முக்கியமானவை. அகன்ற புற்றரையும் சிங்கச் சிலைகளும் பிள்ளைகளின் மனத்தைக் கவரும். ஆயினும், சிறிது திட்டமிட்டுச் சென்றால் சரித்திர பாடம் ஒன்றையே கண்ணாரக் கண்டு வரலாம்.

இறம்பொடையிலிருந்து செல்வோர் புசல்லாவை, கம்பளை வழியாக முதலிற் கண்டியை அடைதல் நன்று. தலதா மாளிகை வளவில் மகுல் மடுவ என்னும் அரச சபா மண்டபம் இருக்கின்றது. தோளும் முழங்காலும் மூடிய உடை அணிந்து செல்லுதல் வேண்டும். அங்குள்ள சித்திர வேலைப்பாடமைந்த மரத்தூண்களைப் பிள்ளைகள் ஊன்றிப் பார்க்கட்டும். கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர்க்கு உரியதாக்கிய உடன்படிக்கை 1815 மார்ச் 2ஆம் நாள் இங்கேதான் உருவாயிற்று.

பின்னர் கொழும்புக்குச் சென்றால், அதே மண்டபத்தின் சாயலைக் கொங்கிறீற்றிற் காணலாம். 1948இல் கிடைத்த சுதந்திரத்தின் நினைவாக எழுப்பப்பட்ட இம்மண்டபம் 1953இல் திறந்துவைக்கப்பட்டது. இழந்த இடத்தின் வடிவிலேயே மீட்சியின் சின்னத்தை அமைத்தனர். மலைக்குளிருக்கான கம்பளி உடை இங்கு உதவாது. பருத்தி உடையே ஏற்றது. வெயில் தணிந்த மாலை வேளையே உலாவுதற்கு இனியது.

அங்கே நிற்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. சுதந்திரம் வந்த அதே 1948இல் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டமோ, தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பல குடும்பங்கள் கடல் கடந்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியிருந்தோர்க்கு வழி திறந்தது.

இதனைக் கூறுவது கசப்பை வளர்ப்பதற்கன்று. சுதந்திரம் என்பது எல்லோர் வாசலுக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை என்பதைப் பிள்ளைகள் அறிதல் வேண்டும். ஆகவே, பயணப் பையைக் கட்டுமுன் வீட்டிலுள்ள பாட்டன் பாட்டியரிடம், "நம் குடும்பத்துக்குப் பிரசாவுரிமை எப்போது கிடைத்தது?" என்று அவர்கள் கேட்டறியட்டும். அவ்விடையை மனத்திற் கொண்டு செல்லும் பிள்ளைக்கே அம்மண்டபத்தின் பொருள் முழுமையாக விளங்கும்.