மொட்டைமாடி சோலாரும் மெக்னீசியம் கம்பியும்

மைசூர்ல எந்த மொட்டைமாடியைப் பார்த்தாலும் சோலார் வாட்டர் ஹீட்டர்தான். 2007லயே கர்நாடக அரசு பல வகைப் புதுக் கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கிடுச்சு. நல்ல விஷயம்தான் மக்களே. ஆனா மாட்டினதோட வேலை முடிஞ்சுதுன்னு விட்டுடறாங்க பாருங்க, அதான் கடுப்பு.

நிறைய டாங்குகளுக்குள்ள ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். டாங்குக்குப் பதிலா தான் அரிச்சுப் போறதுதான் அதோட வேலை. உப்பு அதிகமான போர் தண்ணியில சீக்கிரமே கரைஞ்சுடும். அப்புறம் துரு டாங்கையே பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை கம்பியைக் கழட்டிப் பார்த்து, அடி வால்வைத் திறந்து சுண்ணாம்புப் படிவை வெளியேத்தணும். அவ்ளோதான்!

ஹவுஸ் ஓனர்கிட்ட சொன்னா, "பிசி நீரு பர்தா இதெயல்லா?"ங்கறார். வெந்நீர் வருதுல்ல, அப்புறமென்னவாம். வருது சார், உள்ளே இருக்கற கரண்ட் காயில் புண்ணியத்துல! பில் கட்டறது யாரு, குடியிருக்கற நாமதானே (ஹூம்...). வாடகை அக்ரிமென்ட்ல பெயின்ட் அடிக்க ஒரு மாச அட்வான்ஸைப் பிடிக்கறவங்க, வருஷாந்தர ஹீட்டர் சர்வீஸ் ஓனர் பொறுப்புன்னு ஒரு வரி சேர்க்கட்டுமே.