டிரைவருக்குப் பாடம், முதலாளிக்கு லாபம்!

லாரி மோதுகிறது. நாலு பேர் சாகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் ஒரே வரி: “டிரைவரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.”

பஞ்சாலைத் தோழர்களுக்கு இந்த வார்த்தை புதிதல்ல. கார்டிங் மெஷினில் தொழிலாளியின் விரல் போனால் மில் நிர்வாகம் எழுதுவதும் இதே வார்த்தைதான்: கவனக்குறைவு! இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்க்கச் சொன்னது யார், மெஷினின் மூடியைக் கழற்றி வைத்தது யார் என்று அந்தக் காகிதம் கேட்பதில்லை. மெஷினுக்குத் தடுப்பு போடுவது முதலாளியின் கடமை என்று 1948 ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் சொல்ல வேண்டி வந்தது. தொழிலாளி ஜாக்கிரதையாக இருந்தால் மட்டும் போதாது என்பதை முதலாளி வர்க்கத்தின் சட்டமே அன்று ஒப்புக்கொண்டது.

மில்லில் மெஷினுக்குத் தடுப்பு எப்படியோ, ரோட்டில் டிரைவருக்குத் தூக்கம் அப்படி. அந்தத் தூக்கத்தைத் திருடுகிறவன் யார்? இதுதான் நமது கேள்வி.

சர்க்கார் சொல்லும் காரணம்

2022 ஆம் வருஷத்தில் இந்திய ரோடுகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பிணம். அந்த வருஷம் விபத்துக்களின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் தமிழ்நாட்டுக்குத்தான். இவை சர்க்காரே வெளியிட்ட கணக்கு. இந்தச் சாவுகளில் நூற்றுக்கு 71 பங்கு ‘அதிவேகத்தால்’ வந்தது என்றும் அதே கணக்கு சொல்லுகிறது.

சரி, வேகம்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வேகத்துக்குக் காரணம் என்ன? டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசி, காலையில் சரக்கு இறங்காவிட்டால் பேட்டாவைப் பிடிப்பேன் என்று போனில் மிரட்டுகிறவனுக்கு இதில் பங்கில்லையா? அவன் பெயர் எந்த விபத்துக் கணக்கிலாவது வருகிறதா?

ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு மாதம் கொண்டாடுகிறார்கள். கலெக்டர் கொடி அசைக்கிறார். டிரைவர்களை வரிசையாக நிறுத்தி உபதேசம் செய்கிறார்கள். ராத்திரி முழுவதும் வண்டி ஓட்டி வந்தவன் அந்தப் பந்தலில் உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறான். அவனைத் தட்டி எழுப்பி, “தூங்கிக்கொண்டே ஓட்டாதே” என்று பாடம் சொல்லுகிறார்கள். என்னே இவர்களுடைய அக்கறை!

படிப்பு வேண்டாமா?

வேண்டும். ஆயிரம் தடவை சொல்லுவோம், வேண்டும். பிரேக் எப்படி வேலை செய்கிறது, ஈர ரோட்டில் லோடு வண்டி எத்தனை தூரம் இழுத்துக்கொண்டு போய் நிற்கும், அடிபட்டவனுக்கு ரத்தம் நிற்க எப்படிக் கட்டுப் போடுவது - இவை ஒவ்வொரு டிரைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அவன் மோதுவது பெரும்பாலும் நம்மவர்கள் மேல்தான். ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருகிற தொழிலாளி மேல், ரோட்டோரம் நடந்து போகிற விவசாயக் கூலி மேல்.

ஆனால் பாடம் நடத்தும் லட்சணத்தைப் பாருங்கள். 2021 ஜூலையிலிருந்து அமலுக்கு வந்த மத்திய சர்க்காரின் விதிப்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் தேறியவன் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டி ஓட்டிக் காட்டத் தேவையில்லை. பீஸ் வாங்குகிறவரே பாடம் நடத்துவார், அவரே பரீட்சை வைப்பார், அவரே பாஸும் போடுவார்! இதற்குப் பெயர் கல்வியா, கடை வியாபாரமா?

அமைச்சர் மறந்த சட்டம்

2021 செப்டம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி ஒரு யோசனை சொன்னார். விமானிகளுக்கு இருப்பதுபோல் லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரத்தை நிர்ணயிக்க வேண்டுமாம். நல்ல யோசனைதான். ஆனால் 60 வருஷம் பிந்திய யோசனை!

1961 ஆம் வருஷத்திலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நீண்ட தூர வண்டியானால், அனுமதி பெற்று, நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி. வாரம் ஒரு நாள் ஓய்வு. இது அமைச்சருக்குத் தெரியாதா? அல்லது தெரிந்தும் பேசினாரா?

அந்தச் சட்டத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. 5 தொழிலாளருக்குக் குறைந்த கம்பெனிகளுக்கு அது பொருந்தாது. மனைவி பேரில் இரண்டு லாரி, மைத்துனன் பேரில் இரண்டு லாரி என்று பிரித்து எழுதினால் தப்பித்துக்கொள்ளலாம். ஓட்டையை அடைத்தார்களா? இல்லை, அகலமாக்கினார்கள். 2020 இல் நிறைவேற்றி 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பழைய சட்டத்தை விழுங்கியதோடு, 5 என்பதை 10 என்று உயர்த்தியது.

“டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டினான் என்று யார் கணக்கு வைப்பது?” என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச் சாவடியில் ஃபாஸ்டேக் கட்டாயம். எந்த லாரி எந்தச் சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது என்பது நிமிஷம் பிசகாமல் பதிவாகிறது. வசூலுக்குக் கணக்கு உண்டு. உழைப்பாளியின் தூக்கத்துக்குக் கணக்கு இல்லையாம்!

பத்து வருஷமும் ஒரு லட்சமும்

தண்டனையிலும் வர்க்க நீதியைப் பாருங்கள். மோதிவிட்டு, தகவல் சொல்லாமல் ஓடும் டிரைவருக்கு 10 வருஷம் வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதா 106 (2) ஆம் பிரிவில் எழுதினார்கள். அடிபட்டவனைக் கிடக்க விட்டு ஓடுவது தவறுதான். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்ற அவன் பயத்துக்கு என்ன வழி சொன்னார்கள்? 2024 ஜனவரியில் டிரைவர்கள் வண்டிகளை நிறுத்திப் போராடினார்கள். அதன் பலனாக, ஜூலை 1 இல் சட்டம் அமலானபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

ரோட்டைத் தப்பாகப் போட்ட காண்டிராக்டருக்கு? 2019 ஆம் வருஷத்து மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, அவர் தப்பினால் ஆள் செத்தாலும் அபராதம் அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். ஸ்டியரிங் பிடித்தவனுக்குச் சிறை. டெண்டர் பிடித்தவனுக்கு அபராதம்!

வயலுக்குப் போகும் வண்டி

விவசாயத் தொழிலாளித் தோழர்களே! நாற்று நடவும் களை பறிக்கவும் ‘குட்டியானை’யில் முப்பது பேரை நிற்க வைத்து மேஸ்திரி கொண்டு போகிறானே, அது சரக்கு வண்டி. அதில் இலவசமாக ஏறிப் போகிறவன் செத்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மூட்டைக்குள்ள மதிப்புகூட நமது உயிருக்கு இல்லை. “சரக்கு வண்டியில் ஏறாதீர்கள்” என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களைக் கேட்கிறோம்: விடியற்காலை ஐந்து மணிக்கு நமது தெருவுக்குப் பஸ் விட்டீர்களா?

நாம் கேட்பவை இவை. ஒரு லாரி வைத்திருந்தாலும் வேலை நேரச் சட்டம் பொருந்த வேண்டும். சுங்கச் சாவடிக் கணக்கைக் கொண்டு வேலை நேரத்தைச் சோதித்து, மீறிய முதலாளி மேல் வழக்குப் போட வேண்டும். டிரிப்புக் கூலி ஒழிந்து மாதச் சம்பளம் வர வேண்டும். பயிற்சியைச் சர்க்காரே சம்பளத்துடன் தர வேண்டும். நடவு, அறுவடைக் காலங்களில் வேலைக்குப் போக பஸ் வேண்டும்.

அடுத்த முறை உங்கள் ஊர் ரோட்டில் விபத்து நடந்தால், டிரைவர் மேல் கை ஓங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தம்பி, நீ கடைசியாக எப்போது தூங்கினாய்?” அவன் சொல்லும் பதிலை எழுதிக்கொண்டு, முதலாளியின் பெயரையும் சேர்த்துப் போலீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். நாம் நடத்த வேண்டிய பாடம் அங்கே தொடங்குகிறது!