பிறர் பொருளை விற்ற மூவர்

யால்டா மாநாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு சாரார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் நோயுற்றிருந்தார், சோவியத் தலைவர் ஸ்டாலின் அவரை ஏமாற்றிவிட்டார், அதனாலேயே கிழக்கு ஐரோப்பா பறிபோயிற்று என்பர் ஒரு சாரார். செஞ்சேனை ஏற்கெனவே போலந்தில் நின்றது, கிடைத்ததைப் பெற்றுக் கொள்வதே இராசதந்திரம் என்பர் மறு சாரார். தம்முள் எவ்வளவு மாறுபட்டாலும் இவர்கள் ஒன்றில் உடன்படுகின்றனர். பங்கு சரியாகப் பிரிக்கப்பட்டதா என்று இரு சாராரும் கேட்கின்றனர்; பங்கிடும் உரிமை அம்மூவருக்கும் இருந்ததா என்று எவரும் கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

அரபுக் கல்லூரியில் வணிகச் சட்டம் ஓதும் மாணவன் ‘ஃபுளூலி’ என்னும் சொல்லை அறிவான். பொருளுக்கு உடையவனாகவோ, உடையவன் அமர்த்திய வகீலாகவோ, சிறுவருக்குரிய காப்பாளனாகவோ இல்லாமல், பிறர் பொருளை விற்க முன்வருபவனுக்கு அப்பெயர். அவன் செய்யும் விற்பனை ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி செல்லாது. ஹனஃபி மத்ஹபில் அது நிறுத்தி வைக்கப்படும். உடையவன் இசைந்தால் செல்லும், மறுத்தால் முறியும். ஆனால், உடையவன் சொல்லின்றி விற்பனை முற்றுப்பெறாது என்பதில் இரு மத்ஹபுகளுக்கும் வேறுபாடில்லை. விற்றவன் நல்லவனா, விலை நியாயமா என்ற விசாரணைகள் அதன் பின்னரே எழும். வெற்றிலைத் தோட்டம் ஒன்றின் விற்பனைக்கு வேண்டிய இந்நிபந்தனை, நாடுகளின் விற்பனைக்கு வேண்டாமா?

முதலில் போலந்தை எடுத்துக் கொள்வோம். 1943 நவம்பர் 28 முதல் டிசம்பர் 1 வரை டெஹ்ரானில் மூவரும் கூடினர். அங்கே சர்ச்சில் மூன்று தீக்குச்சிகளை மேசைமேல் வைத்து, போலந்து எவ்வாறு மேற்கே நகரலாம் என்று காட்டினார். அந்நாட்டின் அரசு அப்போது இலண்டனில்தான் இருந்தது. அதை எவரும் அழைக்கவில்லை. கிழக்கெல்லை டெஹ்ரானிலேயே பேசி முடிக்கப்பட்டதென்பதை, அவ்வரசின் தலைமையமைச்சர் மிக்கோவாய்ச்சிக் 1944 அக்டோபரில் மாஸ்கோவில் மொலோடோவ் வாயிலாகவே அறிந்தார். 1945 பிப்ரவரியில் யால்டா அதனை உறுதிப்படுத்தியது. எல்லையாக வரையப்பட்டது கர்ஸன் கோடு. 1905இல் வங்காளத்தைக் கூறுபோட்ட அதே கர்ஸன் பிரபுவின் பெயர்தான் அது. மான்டி காசினோ மலையை 1944 மே மாதத்தில் நேச நாடுகளுக்காக வென்று கொடுத்த போலந்து வீரர்களுள் பலர், இக்கோட்டுக்குக் கிழக்கே பிறந்தவர்கள். அவர்கள் துப்பாக்கி ஏந்தி நின்றபோதே அவர்களுடைய ஊர் கைமாறிவிட்டது. வாக்களிக்கப்பட்ட ‘சுதந்திரமான தேர்தல்’ 1947 ஜனவரியில் முறைகேட்டுடன் நடந்து முடிந்தது.

இடையே 1944 அக்டோபர் 9 இரவு மாஸ்கோவில் நடந்ததும் இவ்வகையினதே. ருமேனியாவில் இரஷ்யாவுக்கு நூற்றுக்கு 90, கிரீஸில் பிரிட்டனுக்கு 90, யுகோஸ்லாவியாவில் பாதிப் பாதி என்று சர்ச்சில் ஒரு தாளில் எழுதி நீட்ட, ஸ்டாலின் நீலப் பென்சிலால் குறியிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அத்தாளை எரித்துவிடலாமா என்று பிறகு தாமே கேட்டதாகச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். முறையான உடன்படிக்கையை எரிக்க வேண்டுமென்று எவருக்கேனும் தோன்றுமா?

தூரக் கிழக்கு உடன்பாடு இதனினும் வெளிப்படையான சான்று. 1937 முதல் ஜப்பானுடன் போரிட்டு வந்தது சீனம். 1943 நவம்பரில் கெய்ரோவில் சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கை உடன் இருத்தி, மஞ்சூரியா சீனத்துக்கே திரும்பும் என்று ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அறிவித்தனர். பதினைந்து மாதங்கள் கழித்து, அதே மஞ்சூரியாவின் ஆர்தர் துறைமுகத்தையும் இரயில் பாதை உரிமைகளையும் யால்டாவில் ஸ்டாலினுக்கு எழுதிக் கொடுத்தனர். இதற்குச் சியாங்கின் இசைவு தேவை என்று அவ்வுடன்பாடே ஒப்புக் கொள்கிறது. ஆயினும், ஸ்டாலினின் கோரிக்கைகள் ஐயத்துக்கிடமின்றி நிறைவேற்றப்படும் என்றும் அதுவே கூறுகிறது. உடையவன் இசைவு வேண்டும் என்று எழுதிவிட்டு, இசையாவிட்டாலும் விற்றாயிற்று என்று முடிக்கும் பத்திரத்தை எந்தக் காழி ஏற்பார்? சீனத்துக்கு முறைப்படி செய்தி போய்ச் சேர நான்கு மாதங்கள் ஆயின.

போர்க்காலத்தில் இரகசியம் தவிர்க்க இயலாதது என்பர். படைகள் நகரும் நாளை மறைப்பது சரி. ஆனால் ஜப்பான் 1945 ஆகஸ்டில் பணிந்த பின்னரும் இவ்வுடன்பாடு வெளியிடப்படவில்லை. 1946 பிப்ரவரியில்தான் உலகம் அதைக் கண்டது. பகைவன் வீழ்ந்த பிறகும் மறைத்தார்கள் என்றால், மறைப்பு யாரிடமிருந்து? பகைவனிடமிருந்தன்று, பொருளுக்கு உடையவனிடமிருந்து. ஜப்பானிடமிருந்து அன்று சோவியத்துக்கு அளிக்கப்பட்ட குரில் தீவுகளின் தென்பகுதி இன்றும் வழக்கில் கிடக்கிறது. இரஷ்யாவும் ஜப்பானும் இன்றுவரை சமாதான உடன்படிக்கை செய்து கொள்ளவில்லை.

மறு சாராரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. இட்லரை வீழ்த்தியதில் சோவியத் மக்கள் கொடுத்த உயிர்ப்பலிக்கு ஈடில்லை. யால்டா கூடியபோது செஞ்சேனை பெர்லினுக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் ஓடர் ஆற்றங்கரையில் நின்றது. அதை எவரும் திருப்பி அனுப்பியிருக்க இயலாது. இவை உண்மையே. ஆனால் வலிந்து கைப்பற்றுவதை நம் சட்டநூல்கள் ‘கஸ்பு’ என்கின்றன. விற்பனையை ‘பைஉ’ என்கின்றன. கைப்பற்றியவனைத் தடுக்க ஆற்றல் இல்லாதவன் குற்றவாளி ஆகான். அவன் கைப்பற்றியதற்குக் கிரயப் பத்திரம் எழுதிச் சாட்சிக் கையொப்பம் இடுபவனோ, பறிப்பை உரிமையாக மாற்றித் தருகிறான். ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் செய்தது இதுவே. இயலாமை மௌனத்துக்குக் காரணமாகலாம், கையொப்பத்துக்குக் காரணமாகாது.

அம்மாநாடு நடந்த மண்ணையே பாருங்கள். 1945 பிப்ரவரி 4 முதல் 11 வரை மூவரும் கூடியது, கிரிமியாவில் ஜார் மன்னனுக்காகக் கட்டப்பட்ட லிவாடியா அரண்மனையில். அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னர், 1944 மே 18 தொடங்கி மூன்றே நாள்களில், அத்தீபகற்பத்தின் தாத்தாரிய முஸ்லிம்கள் ஏறத்தாழ 1,90,000 பேர் சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் உஸ்பெகிஸ்தானுக்கு நாடு கடத்தப்பட்டனர். பகைவனுக்கு உதவினர் என்று ஓர் இனம் முழுவதன்மீதும் பழி சுமத்தப்பட்டது. செஞ்சேனையில் நின்று போரிட்ட தாத்தாரியரும் பின்னர் அந்நாடு கடத்தலுக்குத் தப்பவில்லை. பசி, நோய், குளிர் ஆகியவற்றால் பல்லாயிரவர் மாண்டனர். விடுதலை பெற்ற ஐரோப்பாவைப் பற்றி யால்டா விடுத்த அறிக்கையில் இம்மக்களைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை. உரியவர் அப்புறப்படுத்தப்பட்ட வீட்டில் அமர்ந்து, பிறர் வீடுகளைப் பங்கிட்டனர் என்பதே யால்டாவின் சுருக்கம். பெருந்திரளாக அவர்கள் மீளத் தொடங்கியது 1980களின் இறுதியிலேதான்.

யால்டாவிலிருந்து திரும்பும் வழியில், பிப்ரவரி 14 அன்று, சூயஸ் கால்வாயின் பெரிய கசப்பு ஏரியில் நின்ற போர்க்கப்பலில் ரூஸ்வெல்ட் மன்னர் இப்னு சுஊதைச் சந்தித்தார். அரபு மக்களுக்குப் பகையாகும் செயல் எதையும் தாம் செய்வதில்லை என்று ஏப்ரல் 5 அன்று கடிதமும் எழுதினார். ஏப்ரல் 12 அன்று இறந்தார். அவருக்குப் பின் வந்த ட்ரூமன் 1948 மே 14 அன்று இஸ்ரேலை அது அறிவிக்கப்பட்ட சில நிமிடங்களிலேயே அங்கீகரித்தார். அமெரிக்காவின் வாக்குத் தவறலை நம்மவர் பலகாலும் சுட்டுவதுண்டு. நாம் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி மற்றொன்று உண்டு. அக்கப்பலில் பாலஸ்தீனத்தவர் ஒருவரேனும் இருந்தாரா? மன்னர் எவ்வளவு உறுதியாகப் பேசியிருப்பினும், பாலஸ்தீனத்துக்கு அவரும் உடையவர் அல்லர். அளவுகோல் ஒன்றுதான், அது நம்மவருக்கும் பொருந்தும்.

யால்டாவின் நீடித்த விளைவு, ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றத்தில் பேரரசுகளுக்கு அமைந்த தடுப்புரிமை. அதன் வடிவம் லிவாடியாவில் முடிவாயிற்று. 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை சான் பிரான்சிஸ்கோவில் சிறு நாடுகள் அதை எதிர்த்தன. அப்போது அமெரிக்கச் செனட்டர் டாம் கானலி சாசனப் படியைக் கிழித்துப் போட்டு, தடுப்புரிமையின்றிச் சாசனமே இல்லை என்று உணர்த்தினார். அங்கே இந்தியாவின் பெயரால் கையொப்பமிட்ட ஆர்க்காடு இராமசாமி முதலியார் நம் தமிழரே. ஆனால் அவரை அனுப்பியது இந்திய மக்கள் அல்லர், பிரிட்டிஷ் ஆட்சி. அந்த உரிமை எங்கே போய் நின்றது? 1954இல் உக்ரைனோடு இணைக்கப்பட்ட கிரிமியாவை 2014இல் இரஷ்யா கைப்பற்றியது. அங்கு நடக்கவிருந்த வாக்கெடுப்பு செல்லாது என்னும் தீர்மானம் மார்ச் 15 அன்று பாதுகாப்பு மன்றத்தில் வந்தபோது 13 நாடுகள் ஆதரித்தன. சீனம் ஒதுங்கி நின்றது. இரஷ்யா ஒன்றே தடுத்துவிட்டது. கிரிமியாவில் வார்த்த வாள் கிரிமியாவின் மீதே விழுந்தது. தாத்தாரியரின் பிரதிநிதி மன்றமாகிய மெஜ்லிஸ் 2016இல் தடை செய்யப்பட்டது.

எனவே, ரூஸ்வெல்ட்டின் நோயையும் ஸ்டாலினின் தந்திரத்தையும் அளந்து கொண்டிருப்பது பயனற்றது. மூவரும் நல்லுடலும் நல்லெண்ணமும் உடையவர்களாக இருந்திருப்பினும், அவர்கள் ஃபுளூலிகளே. பேரரசுகளின் தலைவர்கள் ஒரு நாட்டின் எல்லையைப் பற்றிப் பேசக் கூடுகிறார்கள் என்று செய்தித்தாள் சொல்லும் போதெல்லாம், யார் வென்றார், யார் விட்டுக் கொடுத்தார் என்று ஆராயுமுன் ஒன்றைக் கேளுங்கள்: அந்நாட்டுக்குரியவர் அவ்வறையில் இருக்கிறாரா? இல்லையெனில், அங்கு எழுதப்படுவது சமாதானமன்று. உடையவன் இசைவுக்காகக் காத்துக் கிடக்கும் மற்றுமொரு விற்பனைப் பத்திரமே.