சொல் தவறிய மன்னன்

யூதா நாட்டின் கடைசி அரசன் சிதேக்கியா. 21 வயதில் அவனை அரியணையில் அமர்த்தியவன் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார். அவனுக்கு அடங்கி நடப்பதாகக் கடவுள் பெயரால் சத்தியம் செய்தான் சிதேக்கியா. பிறகு எகிப்தை நம்பி, அந்தச் சத்தியத்தை மீறினான்.

பாபிலோன் படை எருசலேம் நகரை முற்றுகையிட்டது. நடுங்கிப்போன அரசனும் பிரபுக்களும் கடவுள் முன் உடன்படிக்கை செய்து, எபிரேய அடிமைகளை விடுவித்தார்கள். எகிப்துப் படை புறப்பட்டது. முற்றுகை விலகியது. உடனே அந்த ஏழைகளை மீண்டும் பிடித்து அடிமையாக்கினார்கள்!

தீர்க்கதரிசி எரேமியா கண்டித்தார். பாபிலோன் படை திரும்பி வரும் என்றார். வந்தது. சரணடைந்தால் நகரம் தப்பும் என்றார். பிரபுக்கள் அவரைச் சேற்றுக் குழியில் இறக்கினார்கள். அரசன் தடுக்கவில்லை. பின்னர் அவரை மீட்கச் சொல்லி, இரகசியமாக யோசனை கேட்டான். அதன்படி நடக்கத் துணிவில்லை.

நகரில் கடும் பஞ்சம். கி.மு. 586 வாக்கில் மதில் உடைந்தது. குடிகளைக் கைவிட்டு இரவோடு இரவாக ஓடிய மன்னன், எரிகோ சமவெளியில் பிடிபட்டான். அவன் கண்ணெதிரே பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். பிறகு அவன் கண்களும் பறிக்கப்பட்டன. ஆலயம் தீக்கிரையானது. மக்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனார்கள்.

சொல் தவறியவன் அரசன். வீடு வாசல் இழந்தவர்களோ குடிமக்கள்! தலைவன் வாக்கு தன் சொந்தச் சொத்து அல்ல. அது நாட்டின் மதில்.