முட்டி மாத்தினா மட்டும் போதுமா?

2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு விலை உச்சவரம்பு வெச்சுது. நல்ல விஷயம்தான். ஆனா எங்க குன்னூர் பக்கம் நிஜமான சோதனை, ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம்தாங்க. வாசலைத் தாண்டினா படி, படியைத் தாண்டினா சரிவு!

எங்கம்மாவைப் பார்த்துக்கிட்டதுல புரிஞ்சது: தினம் மடக்கி நீட்டிப் பழக்கலேன்னா புது மூட்டும் விறைச்சுப் போயிடும். கிட்டத்தட்ட 90 டிகிரி மடங்கினாத்தான் படியில சுலபமா ஏறி இறங்கலாம். ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் பண்ண கால் முதல்ல.

எங்களுக்குக் கார் இருந்துச்சு. கொழுந்து பறிக்கிற அக்கா பிசியோதெரபிக்கு தினமும் பஸ் ஏற முடியுமா? 2021ல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தர ஏற்பாடு இருக்கு. அது லைன் வீடு வரைக்கும் தவறாம வரணும். எஸ்டேட்காரங்க படிக்கு ஒரு கைப்பிடியும், ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்டும் போட்டுக் கொடுக்கட்டும். அந்த முட்டி தேய்ஞ்சது அவங்க சரிவுலதானே? நீங்க என்ன சொல்றீங்க மக்களே?