120 ரோல் கழுவ லேபா, வீடா? திண்டுக்கல் வெயில்ல ஒரு கணக்கு

தாத்தா பீரோவுல இருந்த யாஷிகா மேட்டையோ ஆக்ஃபா கிளிக் த்ரீயையோ தூசி தட்டி எடுத்துட்டு, "ஃபிலிமை வீட்லயே கழுவினா காசு மிச்சமாகுமா?"ன்னு யோசிக்கிறீங்களா? என் கருத்து: கறுப்பு வெள்ளைன்னா வீடு, கலர்னா லேப்.

120 ரோல்ல 6×6 அளவுக்கு 12 படம்தான். 35 எம்எம்ல 36. லேப் சார்ஜ் ஒண்ணா இருந்தாலும், ஒரு படத்துக்கு விழுற செலவு மூணு மடங்கு. ரோலுக்கு 400 ரூபாய், சென்னைக்குக் கூரியர் போக வர 200ன்னு வச்சுக்குவோம் (இது கணக்குக்காக, உங்க ரேட்டைப் போட்டுக்கங்க). ஒத்தை ரோல் அனுப்பினா 600. நாலு சேர்த்து அனுப்பினா ரோலுக்கு 450. சேரும்வரைக்கும் எடுத்த ரோலை காத்துப் புகாத டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க.

இப்ப வீட்டுக் கணக்கு. ரோடினால் 1:50 கலவைன்னா 500 மில்லி டாங்குக்கு 10 மில்லி போதும். அரை லிட்டர் பாட்டில் 50 ரோலுக்கு வரும், திறந்த பிறகும் வருஷக்கணக்குல கெடாது. டி-76 பவுடரைக் கரைச்சா ஆறு மாசம்தான், அதுவும் பாட்டில் நிறைய இருந்தா. மாசம் ஒரு ரோல் எடுக்கிறவருக்கு ரோடினால்தான் லாபம். டாங்க், சேஞ்சிங் பேக், தெர்மாமீட்டர் எல்லாம் 5000, ரோலுக்குக் கெமிக்கல் 60ன்னா, 13 ரோல்ல போட்ட பணம் வந்துரும்.

ஆனா பலரும் ஸ்கேனை மறந்துடுறாங்க! லேப் ரேட்டுல பெரும்பாலும் அதுவும் சேர்ந்திருக்கும். நெகட்டிவைப் படம் பிடிக்க டிஜிட்டல் கேமரா கைவசம் இல்லைன்னா, ஸ்கேனர் வாங்குற செலவுல மேல சொன்ன கணக்கு தலைகீழாயிரும். இஎம்ஐ-ல ஸ்கேனர் வாங்குறதா இருந்தா பேசாம லேபுக்கே அனுப்புங்க.

அடுத்தது வெயில். டைம் சார்ட் எல்லாம் 20 டிகிரிக்குப் போட்டது. அங்க 10 நிமிஷம்னா 24 டிகிரில சுமார் 7. சித்திரை மாச மொட்டைமாடி டேங்க் தண்ணில நேரம் 5 நிமிஷத்துக்குக் கீழ போயிரும், படம் திட்டுத்திட்டா வரும். அகலமான டப்ல ஐஸ் தண்ணி ஊத்தி, கெமிக்கல் பாட்டிலை அதுல நிறுத்திக் குளிர வைங்க. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸை 1960ல ஊட்டில வச்சது சும்மாவா? (கொடைக்கானல்ல சொந்தக்காரங்க இருந்தா நீங்க கொடுத்து வச்சவங்க.) நம்ம போர் தண்ணி உப்பு, கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிக்கங்க. இல்லைன்னா நெகட்டிவ் முழுக்க வெள்ளைப் பொட்டு.

கலருக்கு 38 டிகிரி. நம்ம ஊர் சூடு உதவும்னு நினைக்காதீங்க, அரை டிகிரி அங்க இங்க போனாலே நிறம் மாறும். கலக்கின கிட்டும் ரொம்ப நாள் தாங்காது. ஏழெட்டு ரோல் கையில சேராம கிட் வாங்கினா பாதிப் பணம் சாக்கடைக்குத்தான்.

பீரோவுல கேமராவோட கழுவாத பழைய ரோலும் கிடைச்சா, அதுல கை பழகாதீங்க. அப்பாவோட கல்யாணப் படமாக்கூட இருக்கலாம், ஒரே ஒரு சான்ஸ்தான். எவ்வளவு கேட்டாலும் பழைய ஃபிலிம் கழுவிப் பழக்கமுள்ள லேபுக்கே அனுப்புங்க. அப்புறம், தீர்ந்த ஃபிக்ஸர்ல வெள்ளி கரைஞ்சிருக்கும். தென்னை மரத்தடியிலயோ கிணத்துப் பக்கமோ ஊத்திராதீங்க, கேன்ல சேர்த்து வச்சு, பழைய எக்ஸ்ரே ஃபிலிம்ல வெள்ளி பிரிக்கிறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.