வாழவந்தியும் உட்டோபியாவும்

மாணாக்கரைக் குழுக்குழுவாக அமர்த்தி, "நீவிர் விரும்பும் நாடு ஒன்றை அமைத்துக் காட்டுக" என்று பணிக்கும் பாடமுறை இன்று ஆங்கிலவழிப் பள்ளிகளிற் பெருவழக்காகிவிட்டது. ஒரு குழு தன் நாட்டிற்குப் பெயரிடும், கொடி வரையும், சட்டம் பத்து எழுதும், இறுதியில் அட்டையிலும் தக்கையிலும் ஒரு நகரைச் செய்து வகுப்பறை மேசைமேல் நிறுத்தும். முறை நன்முறையே. நெட்டுருப் போட்டு ஒப்புவிக்கும் கல்வியினும் பன்மடங்கு மேலானது. பத்துச் சிறார் ஒரு சட்டத்தைப்பற்றி அரைமணி நேரம் சொற்போர் இடுவாராயின், அதனினும் சிறந்த குடிமைக் கல்வி வேறில்லை. ஆயினும், அப்பணியை ஏற்காட்டு மலைமேல் அமர்ந்து செய்யும் தமிழ்ப் பிள்ளை தன் நாட்டிற்கு என்ன பெயர் இடும்? எம்மொழியிற் சட்டம் எழுதும்? அந்நாட்டின் குளம்பிப் பழத்தை யார் பறிப்பதாக எண்ணும்?

ஏற்காட்டை எடுத்துக்கொண்டதற்குக் கரணியம் உண்டு. 1820-களிற் சேலம் மாவட்டத் தண்டலராயிருந்த காக்பர்ன் என்னும் ஆங்கிலேயர் சேர்வராயன் மலையிற் குளம்பிப் பயிரைப் புகுத்தினார். தோட்டத்தைத் தொடர்ந்து வெள்ளையர் மாளிகைகள் வந்தன. பின்னர்ப் பள்ளிகள் வந்தன. 1917-இல் தொடங்கப்பெற்ற மான்போர்ட்டுப் பள்ளி போன்ற உண்டுறை பள்ளிகளால் இவ்வூர் ஆங்கிலக் கல்விக்குப் பெயர் பெற்றது. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்று தமிழில் நின்ற ஊரில், பார்க்கத்தக்க பாறை முனைகளெல்லாம் 'இலேடீசு சீட்டு' என்றும் 'பகோடா பாயிண்டு' என்றும் வழங்கலாயின. வந்தவன் பெயரிட்டான், இருந்தவன் வாய்மூடி ஒப்புக்கொண்டான்.

இத்தகைய வகுப்புப் பணிக்கெல்லாம் மூலநூலாகக் காட்டப்பெறுவது தாமசு மோர் என்னும் ஆங்கிலேயர் 1516-இல் வெளியிட்ட 'உட்டோபியா'. கிரேக்க வேர்களைக் கூட்டி அவர் படைத்த அச்சொல்லுக்கு 'எவ்விடமும் அன்று' என்பது பொருள். அந்நாட்டில் ஒவ்வொருவரும் உழவு கற்கவேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமே உழைக்கவேண்டும். பொன்னை இழிந்த பொருளாகக் கருதவேண்டும். நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால், அவ்வளவு நல்ல நாட்டிலும் அடிமைகள் இருந்தனர் என்பதை அந்நூலே கூறுகின்றது. இழிந்த வேலைகளை அவர்கள் தலையிற் கட்டிவிட்டே மற்றையோர் ஓய்வு பெற்றனர்.

இன்னொரு செய்தி தமிழர் கருதத்தக்கது. இல்லாத நாட்டைப் புனைந்த மோர், அதற்கென ஒரு தனி மொழியையும் தனி எழுத்தையும் புனையத் தவறவில்லை. அவ்வெழுத்து வரிசை நூலின் முகப்பிலேயே அச்சிடப்பெற்றது. எழுத்தும் மொழியும் இல்லாத நாடு, புனைவிற்கூட நாடாகாது என்பது அக்கூட்டத்தார்க்குத் தெரிந்திருந்தது. ஆயினும், நூலை எழுதியது இலத்தீனில். ஆங்கில மக்கள் அதனைத் தம் தாய்மொழியிற் படிக்க 1551 வரை காத்திருக்க நேர்ந்தது. கற்றோர் மொழி ஒன்றாகவும் மற்றோர் மொழி ஒன்றாகவும் இருந்த அந்நிலையை ஆங்கிலேயர் பின்னர்க் கடந்தனர். இங்கோ, அவர்கள் கழற்றியெறிந்த நுகத்தை, அவர்கள் மொழியாலேயே, தமிழ்ப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கின்றனர்.

தமிழில் இவ்வெண்ணம் இல்லையா? திருக்குறளில் 74-ஆம் அதிகாரம் 'நாடு' என்பதே. குறையாத விளைவும் தக்காரும் தாழ்விலாச் செல்வரும் சேர்ந்ததே நாடு என்று தொடங்குகின்றார் வள்ளுவர். மிக்க பசியும் ஓயாப் பிணியும் புறப்பகையும் சேராமை வேண்டும் என்கிறார். உட்குழுக்களும் பாழ்செய்யும் உட்பகையும் இல்லாமை வேண்டும் என்கிறார். நாட்டுக்கு உறுப்பு எவை என்று எண்ணும்போது, நீரோடு மலையையும் அரணையும் சேர்த்தெண்ணுகிறார். மலை உல்லாசத்திற்கு ஏறும் இடமாக அவர்க்குத் தோன்றவில்லை. நாட்டின் கைகால்போல் ஓர் உறுப்பாகத் தோன்றியது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இம்மலையை வெட்டிக் கனிமம் எடுத்த காலத்தில் அந்த ஒரு குறளை எவரேனும் நினைத்தனரா என்பது ஐயமே. இவ்வளவும் கூறிய பின், வேந்தன் அமையாவிடின் எல்லாம் இருந்தும் பயனில்லை என்று முடிக்கிறார். பத்தே குறள். குழுவிற்கு ஒன்றாகப் பங்கிட்டால் வகுப்பு முழுதுக்கும் போதும்.

கம்பர் தம் நாட்டுப் படலத்தில், வறுமை இல்லாமையால் கொடைக்கே இடமில்லாத நாட்டைக் காட்டினார். இது கூர்ந்த எண்ணம். ஈகையைப் புகழ்ந்து வாழும் குமுகாயத்தில், ஈகை தேவைப்படாத நிலையே உயர்ந்தது என்று கூறத் துணிவு வேண்டும். பெரியார் 'இனிவரும் உலகம்' என்னும் சிறுநூலில், கம்பியில்லாச் செய்திக் கருவியை ஒவ்வொருவரும் உடன்கொண்டு திரிவர் என்று முன்கூட்டி உரைத்தார். அக்கருவி இன்று பள்ளிப் பிள்ளையின் பையிலேயே கிடக்கின்றது; அதனை உரைத்த நூலின் பெயரோ அப்பிள்ளைக்குத் தெரியாது.

எல்லாவற்றினும் அண்மையது மொழிஞாயிறு பாவாணர் செய்தது. ஏற்காட்டு மலையடியிலேயே, சேலம் நகராட்சிக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ் கற்பித்தவர் அவர். சொல்லாராய்ச்சியிலே வாழ்நாளைக் கழித்தவர், 1978-இல் 'மண்ணில் விண் அல்லது வள்ளுவர் கூட்டுடைமை' என்னும் நூலை வெளியிட்டார். எவ்விடமும் அல்லாத இடத்தை மோர் தேடினார். பாவாணரோ இம்மண்ணிலேயே விண்ணைக் கேட்டார். பெயரிலேயே வேறுபாடு விளங்குகின்றது.

இனி, இம்மலையின் பழங்குடியினரை நோக்குவோர்க்கு வேறொரு பாடமும் கிடைக்கும். மலையாளிகள் என்று அவர்கள் வழங்கப்பெறுவதால், சேரநாட்டு மலையாள மொழியினரென்று வெளியூரார் மயங்குவதுண்டு. அவர்கள் மலையை ஆளும் தமிழர், பேசுவது தமிழே. காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவருள் ஒருவர் சேர்வராயன் மலையிலும், ஏனையோர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினர் என்பது அவர்களிடை வழங்கும் செவிவழிச் செய்தி. மலையை நாடு நாடாகப் பகுத்து, ஊருக்குத் தலைவரும் நாட்டிற்குப் பட்டக்காரரும் வைத்து, வழக்குகளை ஊர்கூடித் தீர்த்துவந்தனர். குறையற்ற அமைப்பென்று அதனைக் கொண்டாட வேண்டா. பெண்டிர்க்கு அவ்வவையில் என்ன இடம் என்று கேட்கும் பிள்ளையைத் தடுக்கவும் வேண்டா. ஆனால், ஒரு குமுகாயம் தனக்குத் தானே அமைத்துக்கொண்ட ஒழுங்கு, வகுப்பறைச் சாளரத்திற்கு வெளியே நடந்துகொண்டிருந்தது. அதனைக் காணாமல் தக்கையில் நகர் செய்வது வியப்பு.

ஏற்காட்டு ஊராட்சிகளுள் ஒன்றன் பெயர் வாழவந்தி. கொல்லிமலையிலும் வாழவந்தி நாடு உண்டு. வாழ வந்த இடம்! எவ்விடமும் அல்லாத உட்டோபியாவை அகரமுதலியிற் தேடும் பிள்ளைக்கு, சில கல் தொலைவில் இருக்கும் இவ்வூரின் பெயரை எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும்.

மொழிக்கு வருவோம். பிள்ளைகள் எழுதும் பத்துச் சட்டங்களுள் "சட்டத்தின்முன் யாவரும் ஒப்பர்" என்பது தவறாமல் இடம்பெறும். அச்சட்டம் எம்மொழியில் இருக்கும் என்னும் வினா எழுவதேயில்லை. எழுதும் தாளே ஆங்கிலமாயிருப்பதால், மீன் நீரை உணராததுபோல் அதனை அவர்கள் உணர்வதில்லை. ஏற்காடு பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. அங்குள்ள உழவர் தம் படியாளரைத் தேர்ந்து சென்னைக்கு அனுப்புகிறார். அப்படியாளர் தமிழிற் பேசலாம். அதே உழவரின் நிலவழக்குச் சென்னை உயர்முறை மன்றத்திற்கு ஏறினால், வழக்காடுவதும் தீர்ப்பும் ஆங்கிலத்தில். தமிழை அம்மன்றத்தின் மொழியாக்கக் கோரிச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் இயற்றியது. நடுவணரசின் இசைவு வரவில்லை. அதே 2006-இல் தமிழ்கற்றற் சட்டமும் வந்தது. அதன்படி தமிழ் ஒரு பாடமாயிற்று. மற்றைப் பாடங்களை எம்மொழியிற் சிந்திப்பது என்பதை அச்சட்டம் தொடவில்லை. ஆகவே, நாட்டை அமைக்கும் பணி குமுகவியல் வகுப்பில் ஆங்கிலத்தில் நடக்கின்றது. தமிழ் வகுப்பிலோ 'நாடு' என்னும் அதிகாரம் மதிப்பெண்ணுக்காக உருப்போடப்படுகின்றது. ஒரே பிள்ளை, ஒரே நாளில், இரண்டையும் செய்கின்றது. இரண்டும் ஒன்றென்று அதற்கு எவரும் கூறவில்லை.

இவ்விரு வகுப்பாசிரியரும் ஒரு திங்கள் கூடிப் பணியாற்றத் தடையென்ன? குழுவிற்கு ஒரு குறளும் ஓர் ஊரும் தருக. மஞ்சக்குட்டைக்கு ஒரு குழு, தலைச்சோலைக்கு ஒரு குழு, வாழவந்திக்கு ஒரு குழு செல்லட்டும். தண்ணீர் எங்கிருந்து வருகின்றது, பேறுகாலத்திற்கு எவ்வளவு தொலைவு நடக்கின்றனர், மிளகும் குளம்பியும் பறிப்பவர் கூலி என்ன, ஊர்வழக்கை யார் தீர்க்கின்றனர் என்று கேட்டுத் தமிழில் எழுதிவரட்டும். திரும்பி வந்தபின் சட்டம் எழுதத் தொடங்கலாம். எழுதியதை அவ்வூர் மூதாட்டி ஒருத்திக்குப் படித்துக்காட்டிவிட்டு, அவர் தலையசைத்த பின் தக்கையை வெட்டலாம்.